இரவல் போன காவடி

கல்லூரியில் டிப்ளோமா பிள்ளைகளுக்கு வணிகச் சட்டம் நடத்துகிறேன். அதில் ஒரு பாடம் வரும். உன் பொருளை ஒரு காரியத்துக்காக இன்னொருவர் கையில் கொடுக்கிறாய். பொருள் உன்னுடையது, கை மட்டும் அவருடையது. காரியம் முடிந்ததும் பொருள் உன்னிடம் திரும்ப வேண்டும். ஆங்கிலத்தில் பெய்ல்மெண்ட் என்பார்கள், தமிழில் ஒப்படைப்பு என்று சொல்லலாம். பாடப்புத்தகத்தின் முதல் உதாரணத்தில் ஓர் ஆள் உணவகத்து வாசலில் தன் கம்பளிக் கோட்டைக் கழற்றிக் கொடுக்கிறான். பினாங்கு வெயிலில் கம்பளிக் கோட் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனவனை நான் இன்னும் பார்க்கவில்லை. நாசி கண்டார் சோற்றுக்கடை வரிசையில் நிற்கும்போது போட்டிருக்கிற சட்டையே பாரமாக இருக்கும். பிள்ளைகள் சிரிப்பார்கள், அடுத்த வரிக்குப் போவோம்.

இப்போது அந்தக் கோட்டை விட்டுவிட்டேன். காவடியைச் சொல்கிறேன். சொல்லும்போது என் குரல் ஏறிவிடுகிறது. பின்வரிசையில் தூங்குகிறவன்கூட எழுந்து உட்கார்ந்துவிடுகிறான்.

அது அப்பா செய்த காவடி. அப்பா ஒரு ஃபேக்டரியில் வெல்டர். அங்கே வெட்டி மிஞ்சும் அலுமினியத் தகடுகளை எடுத்துப்போகச் சொல்லி சூப்பர்வைசரே அனுமதி கொடுத்திருந்தார். அதை ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டுக்குக் கொண்டுவந்து, நடைபாதையில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுச் சீன அம்மாவிடம் சத்தத்துக்காகத் தினமும் திட்டு வாங்கி, அப்பா அந்தக் காவடியைச் செய்து முடித்தார். அலகு குத்தாமல் தோளில் தாங்குகிற காவடி. சுற்றிலும் தகட்டில் வெட்டிய மயில்கள். அதில் ஒரு மயிலை மட்டும் தவறாக வெட்டிவிட்டதால் அது மற்றவற்றுக்கு முதுகு காட்டித் திரும்பி நிற்கும். மாற்றச் சொன்னதற்கு, "அது கோவிச்சிக்கிட்டு நிக்கிது, வுட்ரு" என்றார்.

முட்டி வலி வந்து, இனி மலை ஏற முடியாது என்று ஆன வருடம் அப்பா என்னையும் தம்பியையும் கூப்பிட்டுக் காவடி எனக்கு என்று சொன்னார். தம்பியின் முகம் தொங்கிப்போனது. "உங்கிட்ட இருந்தா அடுத்த வாரமே ஆன்லைன்ல வெல போட்ருவ" என்று அப்பா அவனிடமே சொன்னார். அடுத்த தைப்பூசம் வருவதற்குள் அப்பா போய்விட்டார்.

இனி அந்தக் காவடியை வாங்கிப்போன ஆள் வருகிறார். பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம், செபராங் ஜெயாவில் கார் அலங்காரச் சாமான் கடை வைத்திருக்கிறார். தைப்பூசத்துக்குக் காவடிக் குழு ஒன்று நடத்துவதால் எல்லாரும் அவரைத் தலைவர் என்பார்கள். எதற்குத் தலைவர் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அப்பாவுக்குப் பழக்கமானவர். எங்கள் வீட்டுக்கு வந்து, குழுவில் ஒருவர் மூன்று வருட நேர்த்தி வைத்திருக்கிறார், தூக்கக் காவடி இல்லை, அப்பா காவடியைக் கொடுத்தால் புண்ணியம் என்றார்.

எங்கள் பக்கத்தில் காவடியை இரவல் கொடுக்கும்போது ஒரு வழக்கம் இருக்கிறது. எப்போது திருப்பித் தருவீர்கள் என்று வாய்விட்டுக் கேட்கக் கூடாது. கேட்டால் எடுப்பவரின் நேர்த்தி பாதியில் நின்றுபோகும் என்று நம்பிக்கை. சூடம் காட்டி, "நல்லபடியா செலுத்திட்டு வாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்புவோம். மூன்று வருடம் முடிந்ததும் அவர்களே ஒரு தட்டில் பழம், வெற்றிலை பாக்கு வைத்துக் காவடியோடு வந்து நிற்பார்கள். அப்பா தூக்காத வருடங்களில் அந்தக் காவடி இரண்டு மூன்று வீடுகளுக்குப் போய் இப்படித்தான் திரும்பி வந்திருக்கிறது. எழுதி வாங்குங்கள், சாட்சி வையுங்கள் என்று வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிற நானும் சூடம் காட்டித்தான் கொடுத்தேன். அதற்காக இன்றும் நான் வெட்கப்படவில்லை. சாமி காரியத்துக்குக் கையெழுத்துக் கேட்கிற குடும்பத்தில் நான் பிறக்கவில்லை.

மூன்று தைப்பூசம் முடிந்தது. தட்டு வரவில்லை. வருவார்கள் என்று இருந்தேன்.

அந்த நேரத்தில்தான் தம்பி மோட்டார் சைக்கிளோடு ஒரு லாரிக்கு அடியில் போனான். ஆஸ்பத்திரியில் அவன் கண் திறக்காமல் கிடந்தபோது நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முருகனிடம் பேரம் பேசினேன். "இவன எழுப்பிக் குடு. வர்ற தைப்பூசத்துக்கு அப்பா காவடிய இவன் தோள்ல ஏத்தறேன்." ஏதோ ஒரு காவடி என்று நான் சொல்லவில்லை. அப்பா காவடி என்று சொன்னேன். அவன் எழுந்தான். லேசாக நொண்டினாலும் நடந்தான். கொஞ்சம் பாரம் தூக்கலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். முருகன் தன் பங்கை முடித்துவிட்டான், என் பங்குதான் செபராங் ஜெயாவில் மாட்டிக்கொண்டிருந்தது.

முதலில் போன் செய்தேன். பார்க்கலாம் டீச்சர், அடுத்த வாரம் டீச்சர், வேன் கெட்டுப்போச்சு டீச்சர் என்றார். வேன் நல்லாகிற மாதிரி தெரியவில்லை. நானே பாலம் தாண்டிப் போனேன்.

கடைக்குப் பின்னால் ஒரு ஸ்டோர். உள்ளே வரிசையாகக் காவடிகள், ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை தொங்கியது. அப்பா காவடியை எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. நீலச் சாயம் அடித்து, உச்சியில் ஃபைபர் முருகன் சிலை வைத்து, கடையில் விற்காமல் கிடந்த கார் விளக்குச் சரங்களை எல்லாம் அதில் சுற்றியிருந்தார்கள். கீழ் வரிசையில் ஒரு மயில் முதுகைக் காட்டி நின்றது.

"இது என் காவடி. எடுத்துட்டுப் போறேன்" என்றேன்.

தலைவர் சிரித்தார். "டீச்சர், அன்னைக்குக் குடுக்கறப்ப திருப்பிக் கேப்பேன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா? சூடம் காட்டிக் குடுத்தீங்க. அது தானம்லா."

அந்த வழக்கம் அவருக்கும் தெரியும். எனக்குத் தெரிந்ததைவிட நன்றாகவே தெரியும். அதில் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது என்று கண்டுபிடித்த முதல் ஆள் அவர்தான்.

"அப்ப மூணு வருசம் முடிஞ்சி தட்டோட கொண்டாந்து குடுப்பாங்களே, அது என்னா தானம்?"

"அது அந்தக் காலம். இதுல இப்ப எங்க சாமான்தான் அதிகம். பெயிண்டு, லைட்டு, சிலை. கழட்டிப் பாத்தா உங்கள்து என்னா இருக்கும்?"

"கழட்டிப் பாருங்க. நான் பிடிச்சிக்கிறேன்."

அவர் குரலை மாற்றினார். "சாமி சொத்துக்குச் சொந்தக்காரங்க யாருமே கெடயாது டீச்சர். நீங்களும் இல்ல, நானும் இல்ல."

"பின்ன இந்த ஸ்டோருக்கு எதுக்கு இவ்வளவு பெரிய பூட்டு?"

நான் அந்த அட்டைகளைப் பார்த்தேன். ஒவ்வொரு காவடியும் எந்த நாளில் எந்த ஆளுக்கு என்று எழுதியிருந்தது. வாடகைக்கு விடுகிறீர்களா என்று கேட்டேன். வாடகை இல்லை, காணிக்கை என்றார். கடைச் சுவரில், வாடிக்கையாளர் விட்டுச்செல்லும் பொருளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று சிவப்பு எழுத்தில் ஒரு பலகை மாட்டியிருந்தது. இந்த ஆள் எழுதியதிலேயே நேர்மையான வாசகம் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் நகராமல் நின்றதும் அவருக்குக் கோபம் வந்தது. "ரொம்பப் பேசாதீங்க. ஒங்கப்பா மட்டும் அலுமினியத்தக் கடையில வாங்கியா செஞ்சாரு? ஃபேக்டரிச் சாமான்தான?"

அதுவரை அது எனக்கு ஒரு வழக்கு. அந்தச் சொல்லுக்குப் பிறகு அந்த ஆள் எனக்கு எதிரி. செத்தவரைத் திருடன் என்று சொல்ல நாக்கு கூசாத ஒருவன் தினமும் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு திரிகிறானே என்று வீடு வந்து சேரும்வரை காருக்குள்ளேயே திட்டித் தீர்த்தேன். பாலத்து நெரிசலில் பக்கத்துக் கார்க்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

போலீஸ் பாலாய், அதாவது ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே இருந்த தமிழ்ப் போலீஸ்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்களே கையில எடுத்துக் குடுத்துட்டு திருட்டுனா எப்பிடிக்கா? இது சிவில் கேஸ்லா. சுசா, ரொம்பக் கஷ்டம்" என்றார். வகுப்பில் நான் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான் என்பதால் அவரிடம் சண்டை போட முடியவில்லை. கோர்ட்டுக்குப் போகலாம், ஜெயிக்கவும் செய்யலாம், ஆனால் தேதி கிடைப்பதற்குள் தைப்பூசம் முடிந்திருக்கும். தலைவருக்குச் சட்டப்படி ஒரு கடிதம் எழுதி அனுப்பினேன். பதிலுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு வந்தது: "டீச்சர், முருகன் பாத்துக்குவான்."

தம்பி என்னைச் சமாதானப்படுத்த வந்தான். "வுடுக்கா. நான் பால்குடம் எடுத்துக்கறேன். முருகன் கோவிச்சிக்க மாட்டாரு."

"முருகன் கோவிச்சிக்க மாட்டாரு. நான் கோவிச்சிக்குவேன்" என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போய்விட்டான். அவனுக்காக வைத்த நேர்த்தியில் அவனைத் தவிர எல்லாரோடும் நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன், கடைசியில் அவனோடும்.

தைப்பூசத்தன்று தம்பி விரதத்தோடு தண்ணீர்ப் பந்தல் ஒன்றில் இருந்தான். வெயில் தணிந்ததும் பால்குடம் எடுப்பதாக ஏற்பாடு. நான் காலையிலேயே, காவடிகள் வரும் ஜாலான் உத்தாமா சாலையில் போய் நின்றுகொண்டேன். எதற்கு என்று கேட்டால், சாமி பார்க்க என்று சொல்லியிருப்பேன். அது பொய். வருகிற ஒவ்வொரு காவடியிலும் நான் மயிலைத்தான் தேடினேன்.

உச்சிவேளைக்கு முன் அது வந்தது. சிவப்புச் சட்டை போட்ட குழு, உறுமி மேளம், முன்னால் கை தட்டிக்கொண்டு தலைவர். காவடிக்கு அடியில் எனக்குத் தெரியாத ஓர் ஆள். முப்பது வயது இருக்கும், கண்கள் பாதி மூடி, உதடு காய்ந்திருந்தது. பக்கத்தில் அவனுடைய அம்மா மஞ்சள் சேலையில், "வேல் வேல்" என்று கத்திக் கத்திக் குரல் கம்மிப்போய் வந்துகொண்டிருந்தார்.

நடுரோட்டில் நிறுத்தி, இது என் பொருள் என்று கேட்க எனக்கு உரிமை இருந்தது. நேர்த்தி எடுத்து நடக்கிறவனை நிறுத்த எனக்குக் கால் வரவில்லை. அந்த ஆள் எனக்கு என்ன செய்தான்? பின்னாலேயே போனேன். தம்பிக்குப் போன் போட்டு, "பால்குடத்த எடுக்காத, அங்கயே இரு" என்று மட்டும் சொன்னேன்.

தண்ணீர்மலைப் படிக்கட்டு முழுக்க அந்தக் காவடியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். மேலே கோயிலில் அவன் காவடியைச் செலுத்தி முடித்து, இறக்கிவைத்து, அவன் அம்மா அவன் முகத்தைத் துடைக்கும்வரை காத்திருந்தேன். பிறகு போய்க் காவடிமேல் கை வைத்தேன்.

"இது என்னோட காவடி. எங்கப்பா செஞ்சது. கொண்டு போகப் போறேன்."

"டீச்சர், சாமி முன்னால கலாட்டா வேணாம்" என்றார் தலைவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "தலைவரே, இது ஒங்களோடதுன்னுதான சொன்னீங்க? இனி வர்ற வருசங்களோட மூணு வருசத்துக்கும் சேத்து இப்பவே காசு வாங்கிக்கிட்டீங்க?"

தலைவர் வாயைத் திறப்பதற்குள் அவருடைய ஸ்டோரில் நடந்ததை எல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். அந்த அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவருடைய பயம் பணத்தைப் பற்றியது இல்லை. "குடுத்தவங்க மனசில்லாம இருக்கற காவடியவா எம்மவன் தோள்ல ஏத்துன? செலுத்துனது செல்லுமா செல்லாதா, சொல்லு!" என்று தலைவரின் சட்டையைப் பிடிக்கப் போனார். நாங்கள் எல்லாரும் அப்படித்தான். திருப்பிக் கேட்பதற்கு அஞ்சுவோம், மனம் இல்லாமல் கொடுத்ததைத் தூக்குவதற்கு அதைவிட அஞ்சுவோம்.

பிறகு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, எம்மவன் வெளிநாட்டுல வேலைக்குப் போயி ஏமாந்து, உசுரோட திரும்பி வந்தவன். அதுக்குத்தான் இந்த நேர்த்தி. நீ மனசாரக் குடுத்தேன்னு ஒரு வார்த்த சொல்லிரும்மா."

நான் தலைவரைப் பார்த்தேன். அவர் கண்ணில் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்திருந்தது. கொடுத்தேன் என்று இத்தனை பேர் முன்னால் நான் சொல்லிவிட்டால், அவருக்கு அதுவே போதும். நாளைக்கு எந்தக் கோர்ட்டிலும் சாட்சிக்கு ஆள் இருக்கிறது. சொல்லாவிட்டால், என் கையைப் பிடித்திருக்கிற இந்த அம்மா இனிமேல் தன் மகனுக்குத் தலைவலி வந்தால்கூட என்னை நினைத்துக்கொள்வார். எனக்கு அப்போது அந்த அம்மாமேலும் கோபம் வந்தது. என்னிடம் வந்து கேட்கிறாயே, வாங்கியவனைக் கேள் என்று கத்த வேண்டும் போல இருந்தது. அந்த மகன் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரிப் படுக்கையில் கண் திறந்ததும் தம்பியும் இப்படித்தான் பார்த்தான்.

"ஒங்க மகனுக்கு மனசாரக் குடுத்தேன். இன்னைக்கு எடுத்தது செல்லும்" என்றேன். "இன்னைக்கு மட்டும். ஒங்க மகனுக்கு மட்டும். இந்த ஆளுக்கு நான் குடுக்கவே இல்ல."

"பாத்தீங்களா, குடுத்தேன்னு அவங்களே..." என்று தலைவர் ஆரம்பித்தார்.

"வாய மூடு" என்றார் அந்த அம்மா. அவருடைய சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் அதற்குள் காவடியைச் சுற்றி நின்றுவிட்டார்கள். அவர்களே கீழே இறக்கித் தருவதாகச் சொன்னார்கள்.

தலைவர் கடைசியாக ஒன்று செய்தார். தன் சாமானைக் கழற்றச் சொன்னார். சிவப்புச் சட்டைக்காரர்கள் விளக்குச் சரத்தை அறுத்தார்கள், சிலையைப் பிடுங்கினார்கள், தாங்கள் செருகியிருந்த மயிலிறகையும் விடவில்லை. நீலச் சாயத்தை மட்டும் என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. "சொரண்டி எடுத்துக்கங்க, நான் வெயிட் பண்றேன்" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது, மறைப்பானேன்.

கீழே பந்தலில் தம்பி அந்த மொட்டைக் காவடியைப் பார்த்ததும் அழுதுவிட்டான். பூக்கடையில் கிடைத்த சாமந்தி மாலைகளைச் சுற்றினோம், எலுமிச்சம்பழம் கட்டினோம். சாயங்காலம் அவன் தோளில் அதை ஏற்றியபோது, "நொண்டுனா பரவால்லயாக்கா?" என்று கேட்டான். நொண்டியே போ என்றேன்.

வழியில் தலைவர் குழுவின் பந்தல் இருந்தது. எந்தக் காவடி வந்தாலும் பந்தலில் இருப்பவர்கள் இறங்கி வந்து, எடுப்பவர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, குனிந்து திருநீறு வாங்க வேண்டும். தம்பிக்கு எங்கள் சண்டையெல்லாம் மறந்துபோயிருந்தது, வழக்கப்படி அங்கே போய் நின்றான். பந்தல்காரர்கள் தலைவரைப் பார்த்தார்கள். கையில் ஒலிபெருக்கியைப் பிடித்திருந்த தலைவர் அதைக் கீழே வைத்துவிட்டு, செம்பை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். வராமல் இருக்க முடியாது, அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் முகத்தைப் பார்க்காமல் தம்பியின் காலில் தண்ணீர் ஊற்றினார். பிறகு குனிந்து, தலையைத் தாழ்த்தி, திருநீற்றுக்காகக் காத்திருந்தார்.

தம்பி நல்லவன். உடனே என் பக்கம் கையை நீட்டினான், திருநீற்றுப் பை என்னிடம்தான் இருந்தது. நான் அதன் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தேன். முடிச்சு ஒன்றும் இறுக்கமாக இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் குனிந்திருக்கட்டும் என்று மெதுவாக அவிழ்த்தேன்.